ஹாபிட்: ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த ஒரு பழைய பிரதி, 180 ரூபாய்

பொறுமை இல்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' நாவலின் பழைய பேப்பர்பேக் ஒன்றைச் சேலத்தில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். முதுகு வெடித்திருக்கிறது, தாள் பழுப்பேறிவிட்டது, ஓரங்களை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது, இருந்தாலும் ஐந்துக்கு நாலு ஸ்டார். பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகம் வாங்க நினைப்பவர்கள் புதுசுக்குப் போவதற்கு முன்னால் இப்படி ஒரு பிரதி கிடைக்குமா என்று ஒரு சுற்றுத் தேடிப் பாருங்கள். ஆனால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு தேட வேண்டும், இவ்வளவு நீளமாக எழுதுவதே அதற்குத்தான்.

கடை, பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். முன்பக்கம் முழுக்க கைடுகள்தான்: பிளஸ் டூ, நீட் வினாவங்கி, டிஎன்பிஎஸ்சி, போலீஸ் தேர்வு, பாலிடெக்னிக். ஜூன், ஜூலையில் போனால் உள்ளே கால் வைக்க இடம் இருக்காது, கதைப் புத்தகம் தேடுகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தை விட்டுவிடுங்கள். கதைகள் எல்லாம் கடைசி அலமாரிக்குக் கீழே, தரையோடு தரையாக, 'இங்கிலீஷ் புக்கு' என்ற ஒரே தலைப்பில் கிடக்கும். துப்பறியும் கதையும் சமையல் குறிப்பும் குழந்தைகள் நாவலும் அங்கே ஒரே குவியல்தான், குனிந்து உட்கார்ந்து கிளறினால் கை கறுத்துவிடும், கைக்குட்டை கொண்டுபோங்கள்.

ஒரு விஷயம் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சேலத்துப் பழைய புத்தகக் கடைகளில் நல்ல ஆங்கிலக் குழந்தைப் புத்தகம் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் மலையிலிருந்து வந்ததாக இருக்குமாம். ஏற்காட்டில் நூறு வருஷம் தாண்டிய உறைவிடப் பள்ளிகள் உண்டு, எஸ்டேட் பங்களாக்கள் உண்டு, அங்கே யாராவது நூலகத்தையோ பரணையோ காலி செய்தால் எடைக்குப் போட்ட மூட்டை இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி இங்கேதான் வந்து சேரும். "மலை மூட்டை வந்தா இங்கிலீஷ் புக்கு தனியா எடுத்து வெச்சிருவேங்க சார், கீழ யாரும் அந்த மாதிரி வாங்கிப் படிக்கிறதில்ல" என்றார். நான் வாங்கிய பிரதியின் முதல் தாளில் ஊதா மையில் முட்டை வடிவ முத்திரை ஒன்று இருக்கிறது, பள்ளிப் பெயர் அழிந்துபோய் 'ஏற்காடு' என்கிற பாகம் மட்டும் ஆங்கிலத்தில் தெரிகிறது. பின் அட்டையின் உள்பக்கம் தேதி குத்துகிற சீட்டு ஒட்டியிருந்த கோந்துத் தடம்.

விலை 250 என்று ஆரம்பித்தார். "படம்கூட இல்லைங்களேண்ணா" என்று இழுத்துப் பார்த்தேன். அவர் புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டி, "மேப்பு ரெண்டும் இருக்குதே சார்" என்றார். அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது, ஏனென்றால் இந்தப் புத்தகத்துக்கு அதுதான் உயிர். 180க்கு முடிந்தது. புதுப் பிரதி நல்ல பதிப்பாக வாங்கினால் ஏறக்குறைய இதுபோல மூன்று மடங்கு ஆகும்.

வரைபடம் ஏன் முக்கியம் என்றால், ஹாபிட் கதையே ஒரு வரைபடத்தில்தான் தொடங்குகிறது. பில்போ பேகின்ஸ் என்ற சோற்றுப்பிரியரான குட்டி மனிதர் (ஹாபிட் என்பது அவர் இனத்தின் பெயர்) வீட்டுக்குப் பதிமூன்று குள்ளர்கள் வந்து, தங்கள் மலையையும் தங்கத்தையும் பிடுங்கிக்கொண்ட டிராகனிடமிருந்து அதை மீட்கப் போகிறோம், நீயும் வா என்கிறார்கள், அவர்கள் கையில் இருப்பது பரம்பரையாக வந்த ஒரு வரைபடமும் ஒரு சாவியும். அந்த வரைபடம் புத்தகத்தின் முன்பக்கம் அப்படியே இருக்கும், ஆசிரியரே வரைந்தது. குள்ளர் வழக்கப்படி அதில் கிழக்கு மேலே இருக்கும், பள்ளியில் வடக்கு மேலே என்று படித்த பிள்ளைகள் ஒரு நிமிஷம் குழம்பும். அதில் சுட்டுவிரல் நீட்டிய ஒரு கை, ரகசியக் கதவைக் காட்டுகிறது, பக்கத்தில் ரூன் எழுத்துகளில் நாலு வரி. ரூன் என்பது பழைய ஐரோப்பியக் கல்வெட்டு எழுத்து. டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர், சும்மா கிறுக்காமல் உண்மையான எழுத்துகளைக் கொண்டு ஆங்கிலத்தையே எழுதியிருக்கிறார், உட்கார்ந்து முயன்றால் யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம்.

என் பிரதியில் யாரோ முயன்றிருக்கிறார்கள். வரைபடத்தில் ஒவ்வொரு ரூனுக்குக் கீழேயும் கூர்மையாகச் சீவிய பென்சிலில் பொடிப்பொடியாக ஆங்கில எழுத்து. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தாக எழுதும் 'த்' ஒலிக்கு ரூனில் ஒரே எழுத்துதான், அது பிடிபடாமல் அந்தப் பிள்ளை முதலில் 'டி' மட்டும் போட்டு, கணக்கு இடித்ததும் அழித்து, தாள் மெலிந்துபோகும்வரை தேய்த்து, மேலே சரியாக எழுதியிருக்கிறது. அடுத்த பக்கத்தில் தன் பெயரையே ரூனில் எழுதி வைத்திருக்கிறது. என் மகள் (ஏழாம் வகுப்பு) அந்தப் பென்சில் குறிப்பைச் சாவியாக வைத்துக்கொண்டு பெயரைக் கண்டுபிடித்துவிட்டாள், அதை இங்கே எழுதப் போவதில்லை. புதுப் பிரதி வாங்கியிருந்தால் இந்தக் கூத்துக்கு வழியே இல்லை. கிறுக்கிய புத்தகம் என்று சிலர் வேண்டாம் என்பார்கள், பாடப் புத்தகத்துக்கு அது சரி, இதற்கு இல்லை.

வரைபடத்தின் இடது பக்கம் இன்னொரு எழுத்துக் கூட்டம் வெறும் கோட்டுருவமாக இருக்கும், அவை நிலா எழுத்துகள். கதையில் அவை சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது, எழுதப்பட்ட அதே பருவத்தில் அதே பிறை வந்து அதன் ஒளி பின்னாலிருந்து விழுந்தால்தான் தெரியும். டோல்கீனுக்கு அவற்றைத் தாளின் பின்பக்கம் அச்சிட வேண்டும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மட்டும் ஊடாகத் தெரிய வேண்டும் என்று ஆசை. பதிப்பாளர் அதற்கு வழி செய்யவில்லை, முன்பக்கமே போட்டுவிட்டார்கள். இதைச் சொன்ன பிறகும் என் மகள் புத்தகத்தை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், பின்பக்க அச்சுதான் தெரிந்தது.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரைபடம், பனிமலைத் தொடரும் மிர்க்வுட் காடும் இருப்பது. முதலில் கிழிபடுவதும் இதுதான், பின் அட்டையோடு ஒட்டி இருப்பதால் அட்டை போனால் இதுவும் போய்விடும். முதற்பதிப்பில் இரண்டும் கறுப்பு, சிவப்பு என்று இரு வண்ணத்தில் இருந்தவை, இந்தப் பேப்பர்பேக்கில் வெறும் கறுப்பு. டோல்கீன் கதைக்கு வரைந்த மற்ற படங்களும் இதில் கிடையாது. அரை ஸ்டார் குறைத்திருக்கலாம், ராமபாணத்துக்கே ஒன்று போய்விட்டதால் விட்டுவிட்டேன்.

அப்புறம் பதிப்பு விவகாரம். இதில் ஏமாற்று நிறைய. கடையில் கிடைப்பதற்கு முன்னால் இணையத்தில் பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் விசாரித்திருந்தேன், என்னுடையதைப் போன்ற ஒரு பேப்பர்பேக்கையே 'முதற்பதிப்பு, அபூர்வம்' என்று போட்டு நாலாயிரம் கேட்டார். காரணம் கேட்டால் பதிப்புரிமைப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார், அதில் 'முதல் வெளியீடு 1937' என்று இருக்கிறதாம். ஐயா, அது புத்தகம் முதன்முதலாக வந்த வருஷம், எல்லாப் பிரதியிலும் இருக்கும், அதற்குக் கீழே வரிசையாக மறுபதிப்பு வருஷங்கள் போட்டிருப்பதையும் பார்க்க வேண்டாமா? நிஜ முதற்பதிப்பு 1937 செப்டம்பரில் லண்டனில் ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் வெளியிட்டது, மொத்தமே 1,500 பிரதிகள், அந்த வருஷம் முடிவதற்குள் தீர்ந்துவிட்டன. அது சேலத்தில் கைடுகளுக்கு அடியில் கிடக்காது.

நிஜமாகவே பழைய பதிப்பா என்று பார்க்க உள்ளேயே ஒரு சோதனை உண்டு, ஐந்தாம் அத்தியாயம். இருட்டுக் குகையில் பில்போவும் கோல்லம் என்ற பிராணியும் விடுகதை போட்டி போடும் இடம். 1937 பதிப்பில் கோல்லம் தோற்றால் தன் மாய மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக ஒப்புக்கொள்ளும், மோதிரம் காணவில்லை என்றதும் மன்னிப்புக் கேட்டு வழியும் காட்டும். பிறகு டோல்கீன் தொடர்ச்சியாகப் பெரிய கதையை எழுதப் போனபோது அந்த மோதிரம் யாரும் மனம் விட்டுக் கொடுக்க முடியாத பொல்லாத பொருளாகிவிட்டது, இந்த அத்தியாயம் அதோடு ஒத்துவரவில்லை. 1951 பதிப்பில் மாற்றி எழுதிவிட்டார். இப்போது நாம் படிப்பதில் கோல்லம் ஆத்திரத்தில் கத்திக்கொண்டு துரத்தும். இதில் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், பழைய வடிவத்தை அவர் மறைக்கவில்லை, அது பில்போ கூட்டாளிகளிடம் சொன்ன பொய் என்று பின்னால் வந்த புத்தகத்தில் கதையாகவே ஆக்கிவிட்டார். 1966இல் இன்னொரு முறையும் சில்லறைத் திருத்தங்கள் செய்தார். நம் கைக்கு வரும் பேப்பர்பேக்குகள் எல்லாம் இதற்குப் பிந்தியவை, என்னுடையது எண்பதுகளில் அச்சானது. ஆக, படிப்பதற்கு எல்லாம் ஒன்றுதான், பதிப்பின் பெயரைச் சொல்லி யாரும் கூடுதலாகக் கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

நடைபாதையில் பளபள அட்டையோடு நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'புதுசு' பற்றியும் ஒரு வார்த்தை. டோல்கீன் இறந்தது 1973, இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரை பதிப்புரிமை உண்டு, அதாவது 2033 முடியும்வரை. பழைய காலத்துப் பொதுச்சொத்துக் கதைகளை யார் வேண்டுமானாலும் மலிவாக அச்சிடுவதுபோல இதை அச்சிட முடியாது, அப்படி வருவது கள்ளப் பதிப்பு. ஒழுக்கப் பாடம் இருக்கட்டும், ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்தேன், முன் வரைபடம் கறுப்புத் திட்டாக இருந்தது, ரூன் ஒன்றுகூடப் படிக்க முடியவில்லை, பின் வரைபடம் இல்லவே இல்லை. 2012 முதல் 2014 வரை மூன்று பாகமாகப் படம் வந்த பிறகு சினிமா அட்டை போட்டு வந்த பிரதிகளும் பழைய கடைக்கு வருகின்றன, அவை அசலாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

சரி, கதைக்கு வருவோம். தினமும் ராத்திரி நான் சத்தமாகப் படிக்க, அவள் கேட்க, கஷ்டமான இடத்தைத் தமிழில் சொல்ல, இப்படித்தான் போனது. மொத்தம் 19 அத்தியாயங்கள். இங்கிலீஷ் மீடியம் ஏழாம் வகுப்புப் பிள்ளை தானாகப் படித்தால் முதல் முப்பது பக்கத்தில் திணறும், வாக்கியங்கள் நீளம், பழைய பிரிட்டிஷ் நடை, நடுநடுவே பாட்டு. பாட்டைத் தாண்டிப் போனாலும் கதை கெடாது, மலையைப் பற்றிக் குள்ளர்கள் பாடும் முதல் பாட்டை மட்டும் விடாதீர்கள். முதல் அத்தியாயம் அமர்க்களம். சொல்லாமல் கொள்ளாமல் வந்திறங்கிய மாப்பிள்ளை வீட்டார்போல ஒவ்வொருவராகக் கதவைத் தட்டி உள்ளே வந்து, கேக் கொண்டா, முட்டை கொண்டா, காபி கொண்டா என்று பில்போவின் அடுக்களையைக் காலி செய்கிறார்கள். மறுநாள் அவருக்கு ஒரு வேலை ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்: லாபம் வந்தால் பதினாலில் ஒரு பங்கு, போக்குவரத்துச் செலவு எங்களுடையது, தேவைப்பட்டால் ஈமச்செலவும் எங்களுடையது! வியாபாரம் தெரிந்த சேலத்துக்காரர்களுக்கு அந்த ஒரு கடிதத்துக்காகவே புத்தகம் பிடிக்கும்.

விடுகதை அத்தியாயத்தைத் தனியாக நேரம் ஒதுக்கிப் படியுங்கள். பல், காற்று, முட்டை, மீன், காலம் என்று நம் வீட்டுப் பாட்டிகள் எடுக்கிற அதே சரக்கு, நான் ஒன்று படிக்க அவள் பதில் சொல்வதற்கு முன்னால் என் அம்மா அடுக்களையிலிருந்து பதில் சொல்லிவிட்டார், இங்கிலீஷில் அரைகுறையாகக் கேட்டே. முட்டையும் பல்லும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கடைசியில் பில்போ கேட்பது விடுகதையே இல்லை, அழுகுணி ஆட்டம், அதற்கு எங்கள் வீட்டில் இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை ஒரு வாத்தியாராக நான் சொல்லாமல் விட முடியாது. டோல்கீன் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுதாமல் விட்ட வெற்றுப்பக்கத்தில், தரைக்குள் ஒரு வளையில் ஒரு ஹாபிட் வாழ்ந்தது என்ற அர்த்தத்தில் முதல் வரியைக் கிறுக்கி வைத்தாராம். நானும் வருஷா வருஷம் விடைத்தாள் திருத்தப் போகிற ஆள்தான், வெற்றுப்பக்கம் வந்தால் வேலை மிச்சம் என்று சந்தோஷப்படுவதோடு சரி. கையெழுத்துப் பிரதி பதிப்பாளரிடம் போனதும் அவர் அதைத் தன் பத்து வயது மகனிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னார், பையன் நல்லா இருக்கு என்று எழுதிக் கொடுத்து ஒரு ஷில்லிங் கூலி வாங்கிக்கொண்டான். என் மகளுக்குக் கூலி ஒரு தட்டுவடை செட், கேரட் பீட்ரூட் தூக்கலாக. ஆனால் அவள் அந்தப் பையனைவிடக் கறாரான ஆள். முதல் புகார், இதில் பொண்ணுங்களே இல்லையா என்பது. உண்மைதான், பில்போவின் அம்மா பெயர் போகிற போக்கில் வருகிறது, வாய் திறந்து பேசுகிற பெண் ஒருத்திகூடக் கிடையாது. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது, பதிமூன்று குள்ளர்களில் பாதிப் பேர் எதற்கு என்றே தெரியவில்லை (ஃபிலி, கிலி, ஓயின், க்ளோயின் என்று பெயர்களை மட்டும் ராகம் போட்டுச் சொல்கிறாள்). மூன்றாவதைச் சொன்னால் கதை தெரிந்துவிடும், கதை தெரியக்கூடாது என்பவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்: டிராகனைக் கொல்வது இவ்வளவு தூரம் நாம் கூட வந்த யாரும் இல்லை, அதுவரை முகமே காட்டாத ஒரு வில்வீரன், பெரிய சண்டை நடக்கும்போது பில்போ தலையில் அடிபட்டு மயங்கிக் கிடக்கிறார். அவளுக்கு அது மோசடி. எனக்கு அதுதான் பிடித்தது, வீரம் காட்டி ஜெயிக்கிற கதைகள் நிறையப் பார்த்தாயிற்று, இதில் பில்போவின் பெரிய காரியம் சண்டையை நிறுத்தத் தன் பங்கையே தூக்கிக் கொடுப்பது.

பிரதியின் உடம்பு நிலையைச் சொல்லிவிடுகிறேன். மலையில் இருந்த புத்தகத்துக்கு இரண்டு கேடு. அங்கே ஈரம், ஜூலையிலிருந்து டிசம்பர்வரை மூடுபனியும் மழையும் மாறி மாறி, தாளில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள் விழுந்துவிடும், ராமபாணம் கோந்துக்காகவே முதுகுப் பக்கம் குடியேறும். அப்புறம் கீழே சேலத்து வெயிலுக்கு வந்ததும் பழைய கோந்து காய்ந்து மொறுமொறுவென்று ஆகி, விரித்த இடத்தில் 'படக்' என்று பிளக்கும். என் பிரதி எட்டாம் அத்தியாயத்தில், சிலந்திகள் வருகிற இடத்தில், ஒரு கொத்துப் பக்கங்களாகக் கையோடு வந்துவிட்டது. பக்கம் எல்லாம் இருந்ததால் பிரச்சினை இல்லை. வாங்கும்போது பக்க எண்ணை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், முதுகு பிளந்த புத்தகத்தில் நடுவில் எட்டுப் பக்கம் காணாமல் போயிருந்தால் வெளியிலிருந்து தெரியாது.

செலோடேப் ஒட்டாதீர்கள், நாளடைவில் பசை மஞ்சளாகி எழுத்தையே மறைத்துவிடும். ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணீரில் தளர்த்தி முதுகுக்குள் மெல்லியதாகத் தடவி, பக்கங்களைச் சேர்த்து, மேலே அம்மியோ அகராதியோ வைத்து ஒரு ராத்திரி விட்டால் நிற்கும். அதற்கு முன்னால் நிழலில் விரித்துக் காயவைத்து, பூச்சியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும், வெயிலில் வைத்தால் தாள் இன்னும் முறியும். அலமாரியில் இரண்டு துண்டு வசம்பு போட்டிருக்கிறேன். வாசனை போகவில்லை, பழைய காபிக்கொட்டைச் சாக்கும் ஈரத்துணியும் கலந்த மாதிரி ஒன்று, எனக்குப் பழகிவிட்டது, என் மனைவி அந்தப் புத்தகத்தைப் படுக்கையறைக்குள் விடுவதில்லை.

ஆஸ்துமா, தூசி அலர்ஜி உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பழைய பிரதி வேண்டாம், புதுசே வாங்குங்கள். பரிசாகக் கொடுக்க நினைத்தாலும் புதுசுதான் சரி, பிறந்தநாளுக்குப் பூச்சி அரித்ததை நீட்ட முடியாது. வீட்டோடு படிக்க என்றால் பழையதுதான் என் ஓட்டு. நான் போன அன்று அதே குவியலில் இன்னொரு பிரதியும் இருந்தது, அட்டை இதைவிடச் சுத்தம், ஆனால் பின் வரைபடம் இல்லை, அதற்கும் அதே 250தான் ஆரம்ப விலை. நூறுக்கு மேல் கொடுக்காதீர்கள். கடையில் ஜிபே உண்டு, சில்லறை கிடையாது, மதியம் ஒன்றரையிலிருந்து நாலு வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், குனிந்து கூப்பிட்டால் வருவார்.